மினி ஜெயித்ததா, வளைவு ஜெயித்ததா?

"யானைக்கும் எலிக்கும் ரேஸ், பாரு" என்று நண்பர் ஒரு வீடியோ அனுப்பினார். இங்கிலாந்தில் குட்வுட் ரிவைவல் விழாவில் நடக்கும் செயின்ட் மேரீஸ் டிராபி. 1950கள், 60களின் சலூன் கார்கள் மட்டும் ஓடும் பந்தயம். முன்னால் 7 லிட்டர் வி8 எஞ்சினோடு ஒரு அமெரிக்க ஃபோர்டு கேலக்ஸி. அதன் பம்பரை உரசுகிற மாதிரி ஒரு மினி கூப்பர் எஸ், 1275 சிசி. நேர்ரோட்டில் கேலக்ஸி பறக்கும், வளைவில் திணறும். மினி ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்.

பார்க்க அருமையாத்தான் இருக்கு. நானே நாலு தடவை பார்த்தேன். என் சண்டை, இதைப் பகிர்கிறவங்க கூடவே சொல்ற கதையோடதான்: சாமர்த்தியமான பிரிட்டிஷ் குட்டி, முரட்டு அமெரிக்கத் தடியன்.

நடந்தது வேற. 1963 மே மாதம் சில்வர்ஸ்டோனில் ஜாக் சியர்ஸ் கேலக்ஸியை முதன்முதலாக இறக்கி ஜெயித்தார். அது அன்றைக்கு ஓரங்கட்டியது மினியை அல்ல, அதுவரை முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஜாகுவார் 3.8-ஐ. அதுவும் பிரிட்டிஷ் கார்தான், குட்டியும் இல்லை. மினிக்குக் கேலக்ஸியோடு கணக்கே கிடையாது. பிரிட்டிஷ் சலூன் சாம்பியன்ஷிப்பில் எஞ்சின் அளவை வைத்துப் பிரிவுகள், பிரிவுக்குள்ளேதான் புள்ளிகள். அதனால்தான் ஜாகுவார்கள் மொத்தப் பந்தயத்தில் முந்திக்கொண்டிருந்த அதே காலத்தில், 1961-ல் ஜான் விட்மோரும் 1962-ல் ஜான் லவ்வும் மினி ஓட்டிச் சாம்பியன் ஆனாங்க. 1963-ல் சாம்பியன் சியர்ஸ். அவரும் வெறும் கேலக்ஸியை நம்பி ஜெயிக்கலை, சின்ன கார்ட்டினாவில் எடுத்த புள்ளிகளும் அதில் சேர்த்தி.

பெருந்துறையில் நான் வண்டி விடுகிற பட்டறையில் வீடியோவைக் காட்டினேன். முப்பது வருஷம் அம்பாசிடர் பிரித்துப் பூட்டிய அண்ணன் அவர். "இதுல என்னங்க தம்பி அதிசயம்? விஜயமங்கலம் நேர்ரோட்டுல உட்டா பெருசு ஜெயிக்கும். திம்பத்துல இருவத்தேழு கொண்டை ஊசியில உட்டா சின்னது ஜெயிக்கும்" என்றார். நான் ஒரு பக்கம் எழுத நினைத்தது ரெண்டு வரியில் முடிஞ்சுபோச்சு.

ஆக, கேட்க வேண்டியது ரோட்டைப் பற்றி. குட்வுட் ஒரு போர்க்கால விமானத்தளம். அதைச் சுற்றிவந்த ஓரச்சாலைதான் ரேஸ் ட்ராக் ஆச்சு. அதனால் நீளமான, ஓடுகிற வளைவுகள், நடுவே நேர்ரோடு. இரண்டு காரும் மாறி மாறி முந்த அந்த அமைப்பே காரணம். நம்ம சோழவரமும் போர்க்கால விமானத்தளம்தான். ஆனால் அங்கே ஓடினது விமானம் ஏறி இறங்கிய ஓடுதளத்தின் மேலேயே. நீட்ட நேர்ரோடு, முடிவில் சட்டென்று திருப்பம். கேலக்ஸியைச் சோழவரத்தில் விட்டிருந்தால் இந்த எலிக்கதையே பிறந்திருக்காது.

அந்தப் போட்டி இங்கே வர வழியும் இல்லை. 1950களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் கடையைக் கட்டிட்டாங்க. சோழவரத்தில் சலூன் ரேஸ் என்றால் ஃபியட், ஹெரால்டு, அம்பாசிடர். (நம்ம பழைய அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினும் மினியின் எஞ்சினும் ஒரே பிரிட்டிஷ் கம்பெனியின் பிள்ளைகள். மினிக்குக் கைதட்டும் நம்மாட்கள் அம்பாசிடரைக் கேலி பண்ணும்போது இது எனக்கு ஞாபகம் வரும்.)

குட்வுட்டை ஒரு விஷயத்துக்குப் பாராட்டணும்: பழைய காரை ஓட விடுறாங்க, இடிபட்டாலும் பரவாயில்லைன்னு. கோவை ஜீடீ கார் மியூசியத்தில் நிற்கிற கார்கள் அழகு. ஆனால் எந்த வளைவில் எது தடுமாறும் என்று நிற்கிற கார் சொல்லாது. இத்தனைக்கும் செட்டிபாளையத்தில் கரிவர்தன் பெயரில் 2003-லிருந்து ட்ராக் இருக்கு. ஒரு ஹெரால்டும் ஒரு அம்பாசிடரும் அங்கே பத்து சுற்று ஓடினால், டிக்கெட் வாங்கிப் பார்க்க நான் தயார்.

பட்டறை அண்ணனிடம் இதைச் சொன்னேன். "ஓட்டலாமுங்க. டயர் காசு யாரு குடுக்கறது?" என்றார்.