பொய்க்கும் எலும்பு வேண்டும்

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள் நம் முன்னோர். கற்பனை ஓவியத்திற்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறில்லை. நம் இல்லத்துப் பிள்ளைகள் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் ஆடி மகிழும் மாய உலக விளையாட்டுகளின் ஓவியங்களை இவ்விலக்கணம் கொண்டு அளந்து பார்ப்போம்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் மூன்று சிறு நூல்களாக ஆக்கியளித்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பகடை விளையாட்டே இவ்வகைக்குத் தாய் எனலாம். அதன் பெயரிலேயே டிராகன் உண்டு. ஆகவே அவ்விலங்கிலிருந்தே தொடங்குவோம்.

பறவைகள், பாலூட்டிகள், பல்லி இனங்கள் யாவும் நான்கு உறுப்புகள் கொண்ட மூதாதையின் வழிவந்தவை. முன்னங்கால்களை விலையாகக் கொடுத்தே பறவை சிறகைப் பெற்றது. வௌவாலின் இறக்கையும் ஒரு கைதான். நீண்ட விரல்களுக்கிடையே தோல் விரிந்த கை. டிராகனுக்கோ நான்கு கால்களோடு இரண்டு இறக்கைகளும் வரையப்படுகின்றன. இதனைப் பிழையென்று நாம் கூறமாட்டோம். இல்லாத விலங்குக்கு ஆறு உறுப்புகளை அளிக்க ஓவியருக்கு உரிமையுண்டு. ஆனால், அளித்த உறுப்பைத் தாங்க உடலில் ஓர் இடமும் அளிக்க வேண்டுமல்லவா?

கோழியின் உடலில் இறைச்சி மிகுந்திருப்பது நெஞ்சில்தான் என்பதை நம் தாய்மார்கள் நன்கறிவர். அதுவே சிறகை அடிக்கும் தசை. நெஞ்செலும்பின் நடுவே விளிம்புபோல் எழுந்து நிற்கும் தகட்டை அது பற்றிக்கொண்டிருக்கிறது. தரையிலேயே திரியும் கோழிக்கு இவ்வளவு தசையெனில், யானையளவு உடலைத் தூக்க வேண்டிய டிராகனுக்கு எவ்வளவு வேண்டும்? பல படங்களிலோ முதுகில் ஒட்டவைத்த குடைபோல இறக்கை நிற்கிறது. தோளில்லை, முழங்கையில்லை, மணிக்கட்டில்லை. கம்பிகள் மட்டும் உண்டு.

ஓநாய் மனிதனின் காலும் இத்தகையதே. ஓநாயின் பின்னங்காலில் பின்னோக்கி மடிவதுபோல் தோன்றுவது குதிகால். உண்மையான முழங்கால் வயிற்றருகே, மேலே இருக்கிறது. அது நம்முடையதைப் போன்றே மடிகிறது. இதனை அறியாத ஓவியர் முழங்காலையே பின்புறமாகத் திருப்பிவிடுகிறார். அக்கால் ஓர் அடி எடுத்து வைக்குமா என்று அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நல்ல முயற்சிகளையும் கூறாதுவிடின் நடுநிலை ஆகாது. 2003இல் வெளிவந்த ‘டிராகனாமிக்கான்’ என்னும் நூல், டிராகனின் உடலுக்குள் எலும்பும் தசையும் எவ்வாறு அமைந்திருக்கலாம் என்று ஆராய்ந்தது. 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டின் டிராகனுக்கு முன்னங்கால்களே இல்லை. தரையில் அது வௌவாலைப்போல் இறக்கைகளை ஊன்றி நடக்கிறது. அதனால் அதன் அச்சம் குறைந்ததா? இல்லை, கூடிற்று. எடையுள்ள உடலைக் கண்டே மனம் அஞ்சும்.

மனித உடலுக்கு வருவோம். வீரமங்கையர் படங்கள் சிலவற்றில் மார்பும் பின்புறமும் ஒருங்கே பார்ப்பவரை நோக்குகின்றன. இடுப்புப் பகுதியின் முதுகெலும்பு முன்னும் பின்னும் வளையும். பக்கவாட்டில் மிகச் சிறிதே திரும்பும். அப்படித் திரும்பிய பெண் வாளேந்த இயலாது. வைத்தியரிடம்தான் செல்ல வேண்டும். அவள் அணிந்த மார்புக் கவசமோ இரு கூறாக வடிக்கப்பட்டு, வாள்வீச்சை விலக்குவதற்கு மாறாக நெஞ்செலும்பின் மீதே சறுக்கிவிடும் வகையில் அமைந்திருக்கிறது. இஃது அறியாமையால் நேர்ந்ததன்று. வாங்குவோர் கண்ணுக்கு விருந்தாக ஒரு பெண்ணின் முதுகெலும்பு முறிக்கப்பட்டது. இங்கே உடற்கூற்றுப் பிழை பண்பாட்டுப் பிழையாகவும் ஆகிவிடுகிறது.

பிழைகள் நிலைப்பது ஏன்? ஓவியர் உடலைப் பாராமல், முன்னொருவர் வரைந்த ஓவியத்தைப் பார்த்து வரைகிறார். கற்றறிந்த மருத்துவ உலகிலும் இது நிகழ்ந்ததுண்டு. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதிவைக்க, நூற்றாண்டுகள் பலவாக அறிஞர்கள் அதையே படியெடுத்தனர். 1200ஆம் ஆண்டையொட்டி எகிப்தில் கொடிய பஞ்சம் நேர்ந்தது. அப்போது அங்கிருந்த அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதீ, குவிந்து கிடந்த எலும்புக்கூடுகளைத் தம் கண்ணாலேயே ஆராய்ந்தார். தாடை ஒரே எலும்பு என்று கண்டு, கண்டவாறே எழுதினார். காலனின் மேதைமையை மதித்தவர்தாம் அவர். எனினும் கண் கண்டதை ஏட்டுக்காக மறுக்கவில்லை.

இன்று இயந்திரமும் படம் வரைகிறது. 2022இல் பரவலான அக்கருவிகள் தொடக்கத்தில் கைக்கு ஆறு விரல்களை வரைந்து நகைப்பிற்கு இலக்காயின. அவையும் படங்களைக் கண்டே படம் கற்றவை, எலும்பைத் தொட்டறியாதவை.

பிள்ளைகளின் கையிலிருந்து இவ்விளையாட்டுகளைப் பறிக்க வேண்டுமென நாம் சொல்லவில்லை. அவர்கள் அருகமர்ந்து, இந்த இறக்கை உடலில் எங்கே தொடங்குகிறது, இந்தக் கால் எப்படி மடியும் என்று கேட்போம். விடை தேடும் பிள்ளை முதலில் படத்தைப் பார்க்கும். அடுத்துக் கோழியைப் பார்க்கும். பின்னர்த் தன் கையையே விரித்துப் பார்க்கும்.