ஆரூரன் என்னும் திருப்பெயர்

ஊர்ப்பெயர் மக்கட்பெயராய் வழங்குதல் தமிழிற் பழைய வழக்கு. அங்ஙனம் வழங்குமிடத்துச் சொல் ஒன்றேயாயினும் பொருள் ஒன்றாதல் இல்லை. அவ்வேறுபாட்டை இடம்நோக்கித் தெளியாதார் நூற்கருத்தையும் பிறழ உணர்வர். ‘ஆரூரன்’ என்னும் திருப்பெயர் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாம்.

இப்பெயர் ஆரூரிற் பிறந்தவன் எனவும், ஆரூரைத் தனக்கு உரிமையாக உடையவன் எனவும் பொருள்படும். அக்காரணம் நோக்காது ஒருவர்க்கு இட்டு வழங்கும் இயற்பெயராயும் நிற்கும். நம்பியாரூரர்க்கு இப்பெயர் அன்னையார் பிறந்த ஊர்பற்றி வந்ததென்பர் ஒருசாரார். 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாங் குலோத்துங்கன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டு, இசைஞானியாரை அவ்வூர் ஞானசிவாசாரியாரின் மகளாராகக் கூறுதல் அவர் கூற்றுக்குத் துணையாம். அன்னையாரைப் பற்றிய அச்செய்தி கொள்ளத்தக்கதே. எனினும் அதுகொண்டு பெயர்க்காரணம் துணிதல் பொருந்தாது.

என்னை? திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதுமறையோராய் வந்த இறைவர் காட்டிய ஆளோலையை நோக்குக. அவ்வோலையை எழுதிக் கொடுத்தவராகச் சேக்கிழார் அருளுவது நம்பியின் தந்தையார்க்குத் தந்தையாரை. நாவலூர் ஆதிசைவராகிய அவர்க்கும் ஆரூரன் என்பதே பெயர். இசைஞானியார் அக்குடிக்கு மருகியாய் வருமுன்னரே அப்பெயர் அங்கு வழங்கிற்று என்பது இதனால் விளங்கும். பாட்டன் பெயரைத் தாங்குதல்பற்றியே மகன்மகன் ‘பெயரன்’ எனப்பட்டான். ஆதலின் நம்பிக்கு இப்பெயர் பாட்டனார் வழி வந்ததெனலே நேரிது.

இனி, பிறப்பிடம் குறித்ததெனக் கொள்ளின் வரும் இழுக்கு இதனினும் பெரிது. நம்பி அவதரித்தது திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூர். திருத்தொண்டத்தொகையின் 11ஆம் பாடலில் அவர் தம்மைச் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகனாராகவும், நாவலூர்த் தலைவராகவும் கூறிப் பின்னரே ஆரூரன் என்கின்றார். நாவலூர் என்றது ஊர். ஆரூரன் என்றது பெயர். இரண்டும் ஊர் குறித்தனவாயின் ஒன்றையொன்று முரணும்.

அன்றியும், அத்தொகையுட் போற்றப்பெறும் தொகையடியார் 9 திருக்கூட்டத்தாருள் ‘திருவாரூர்ப் பிறந்தார்’ ஒரு கூட்டத்தார். அவ்வூரிற் பிறந்தார் யாவரும் சிவகணத்தவர் என்பதை ஏமப்பேரூர் நமிநந்தியடிகட்கு இறைவர் காட்டியருளினமை பெரியபுராணத்தாற் பெறப்படும். அவ்வடியார்க்குத் தாம் அடியராதலை நம்பி கூறுகின்றார். அவரையும் ஆரூரிற் பிறந்தாரென உரைப்பின் அத்தொண்டின் பெருமை குன்றும்.

ஆயின் முதற்கண் இப்பெயர் யாருடையது? ஆரூரை ஆளுடைய பெருமானது. திருநாவுக்கரசர் அவரை ‘ஆரூரர்’ என்பர். நம்பி தாமும் ‘ஆரூரான்’ எனப் பாடுவர். ஆண்டான் திருப்பெயரையே அடிமைக்குலம் தலைமுறையாகத் தாங்கிற்று. ஓலை காட்டுமுன்னரே ஆளாந்தன்மையைப் பெயர் காட்டிநின்றது என்க.

எனவே, இறைவர்பாற் செல்லுழி ஆரூரன் என்பது உடைமை குறிக்கும். நம்பிபாற் செல்லுழி அவ்வுடைமைக்கு ஆட்பட்டமை குறிக்கும். பிறந்தாரைக் குறிக்கவேண்டுமிடத்து நம்பி ‘பிறந்தார்’ என வெளிப்படவே கூறுவர். ஆரூரிற் பிறக்க முத்தி என்பது உலகுரை. அங்குப் பிறவாதார்க்கும் அடிமைத்திறத்தால் அப்பேறு உண்டென்பதற்கு ஆரூரன் என்னும் இப்பெயரே சான்றாய் நிற்கின்றது.