சிற்பியும் சிலுவைப்பாதையும்

இலண்டன் மாநகரில் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்தின் தூண்களில், எரிக் கில் (1882–1940) 1914 முதல் 1918 வரை செதுக்கிய சிலுவைப்பாதைக் காட்சிகள் பதினான்கு உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தரை அடிச் சதுரம். ஆழமற்ற புடைப்புச் சிற்பங்கள். கோடுகள் மிகச் சில. முகங்களில் மிகையுணர்ச்சி இல்லை. பாடுகளைக் கண்ணீர் மல்கக் காட்டும் படங்களுக்கே பழகிய நமக்கு இவ்வடக்கம் பெரிதும் உவப்பாயிருந்தது. சில ஆண்டுகளுக்குமுன் லெந்துகாலத் தியானங்களில் இவற்றின் படங்களையே திரையிட்டோம்.

சிற்பியின் வாழ்வை அப்போது நாம் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் எளிதில் அறிந்திருக்கலாம். பியோனா மெக்கார்த்தி 1989-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, கில்லின் நாட்குறிப்புகளைக் கொண்டே உண்மையை வெளிக்கொணர்ந்துவிட்டது: தம் மூத்த புதல்வியர் இருவரையும் அவர்களது இளம்பருவத்தில் பாலியல் கொடுமைக்கு உட்படுத்தியவர் அவர். மாணவர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டியபோது, நாம் உடனே அகுஸ்தீனைத் துணைக்கு அழைத்தோம். ஊழியரின் தகுதியின்மை சாக்கிரமந்தின் பயனை அழிப்பதில்லை என்று தொனாத்தியருக்கு எதிராக அவர் வாதிட்டாரன்றோ? ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 விதிகளுள் 26-ஆவதும் அதையே கூறுகிறது.

அவ்விடை பொருந்தாது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். திருவிருந்தில் ஆயர் தமக்குரியதல்லாத ஒன்றைக் கையளிக்கிறார். அங்கே பயன் கிறிஸ்துவின் வாக்குறுதியைச் சார்ந்தது. சிற்பத்திலோ கண்ணும் கையும் தெரிவும் சிற்பியினுடையவை. விசுவாசிக்கு அருள் உறுதி என்று காட்டவந்த போதனையைக் கலைஞரின் புகழுக்குக் காவலாக நிறுத்துவது முறையன்று.

அப்படியானால் 51-ஆம் சங்கீதத்தையும் நீக்கிவிடலாமோ எனச் சிலர் வினவுவர். அச்சங்கீதத்தின் தலைப்பை அவர்கள் மீண்டும் வாசிக்கட்டும். தாவீதின் பாவமும் நாத்தானின் வருகையும் அங்கேயே எழுதப்பட்டுள்ளன. மத்தேயுவும் வம்சவரலாற்றில் உரியாவை மறைக்கவில்லை (1:6). குற்றத்தை நெற்றியில் தாங்கியே அப்பாடல் நம்மிடம் வந்திருக்கிறது. நாம் திரையிட்ட படங்களுக்கு அத்தகைய தலைப்பு ஏதுமில்லை.

இலண்டனில் பி.பி.சி. கட்டட முகப்பிலுள்ள கில்லின் சிலையை 2022-இல் ஒருவர் சுத்தியலால் தாக்கினார். அச்செயலை நாம் ஏற்கவில்லை. ஆயினும், பேராலயத்துச் சிற்பங்களை அகற்றுமாறு, திருச்சபைக்குள் கொடுமைக்குள்ளானோர் சார்பில் 1998-இல் எழுந்த கோரிக்கையை அதனோடு ஒப்பிடலாகாது. அருங்காட்சியகத்துக்குச் செல்வதும் செல்லாதிருப்பதும் பார்வையாளரின் விருப்பம். கில் வாழ்ந்த டிட்சிலிங் ஊரின் அருங்காட்சியகம் 2017-இல் இவ்வுண்மையை மறைக்காமலே அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. பேராலயத்திலோ மக்கள் முழங்காலிடுகின்றனர். சிறுவயதில் தன் வீட்டிலேயே சிதைக்கப்பட்டவள் அவர்களிடையே இருக்கலாம். சிற்பம் அகன்றால் நமக்கு நேரும் இழப்பு பெரிதே. அதன்முன் ஜெபிக்க இயலாதவளின் இழப்பை நாம் எண்ணிப் பார்த்ததேயில்லை.

மரபுப்படி எட்டாம் நிலையில், எருசலேமின் குமாரத்திகள் தங்களுக்காகவும் தங்கள் பிள்ளைகளுக்காகவும் அழவேண்டுமென்று இயேசு கூறுகிறார் (லூக்கா 23:28). இப்போது அப்படங்களைப் புரட்டுகையில் நம் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. வகுப்பில் அவற்றை இன்றும் காட்டுகிறோம், நாட்குறிப்பின் செய்தியை முதலில் சொல்லிவிட்டு. லெந்துகாலத்தில் ஆலயத்தில் திரையிடுவதை நிறுத்திவிட்டோம்.