சுவரும் சட்டகமும்: ஷெப்பர்ட் ஃபேரியின் ஒபாமா திரை அச்சு குறித்து

தெருக்கலைஞர் ஒருவர் தம் படத்தைத் திரை அச்சில், படிகளின் எண்ணிக்கையை வரையறுத்து வெளியிடும்போது, அது தெருவுக்குரியதா, வாங்கியவருக்குரியதா என்னும் வினா எழுகிறது. அமெரிக்கக் கலைஞர் ஷெப்பர்ட் ஃபேரி 2008 சனவரியில் பராக் ஒபாமாவை ஆதரித்து அச்சிட்ட சுவரொட்டியை முன்வைத்து இவ்வினாவை அணுகலாம்.

1989-இல், மாணவப் பருவத்தில், மற்போர் வீரர் ஆந்த்ரேயின் முகத்தை ஒட்டுத்தாளாக்கித் தெருக்களில் ஒட்டத் தொடங்கியவர் ஃபேரி. அந்தக் கைப்பழக்கம் ஒபாமா படத்திலும் தெரிகிறது. நிழற்படத்தின் மென்சாயல்கள் நீக்கப்பட்டு, முகம் சிவப்பு, வெளிர்மஞ்சள், இருவகை நீலம் எனத் தட்டையான திட்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை. துணியின் திறந்த கண்கள் வழியே மை தாளில் இறங்குகிறது. திருமண அழைப்பிதழ் அச்சிடும் நம்மூர்க் கடைகளில் பலரும் கண்டிருக்கக்கூடிய முறைதான் இது. நுணுக்கத்தை விட்டுக்கொடுத்து, தொலைவிலிருந்தே அடையாளம் காணத்தக்க முகத்தை அது தருகிறது. சுவருக்கு வேண்டியதும் அதுவே.

முதல் அச்சில் முகத்தின் கீழே இருந்த சொல் ‘முன்னேற்றம்’. தேர்தல் பரப்புரைக் குழுவின் விருப்பத்தை ஒட்டிப் பின்னர் அது ‘நம்பிக்கை’ ஆயிற்று. முதல் அச்சில் 350 படிகள் விற்கப்பட்டன. 350 படிகள் பொதுவிடங்களில் ஒட்டப்பட்டன. விற்ற தொகை மேலும் சுவரொட்டிகள் அச்சிட உதவியது. எனவே விற்பனையைப் போலித்தனம் என ஒதுக்குவது பொருந்தாது. சட்டகத்துக்குள் போன தாளே சுவரில் ஒட்டிய தாளுக்குச் செலவு செய்தது.

ஆயினும் இரண்டின் கதியும் ஒன்றன்று. கையொப்பமும் வரிசை எண்ணும் பெற்ற படி சந்தைப் பொருளாகிறது. மழையில் ஊறிக் கிழிந்த படிக்கு எந்தப் பேரேட்டிலும் இடமில்லை. பரவலையே நோக்கமாகக் கொண்ட படத்துக்கு அருமையைச் சான்றாக்கும் அந்த எண்தான், என் மதிப்பீட்டில், இப்படைப்பின் வலுவற்ற பகுதி. வாஷிங்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகமும் 2009-இல் சேர்த்துக்கொண்டது கலைஞர் கையால் உருவாக்கிய ஒட்டுப்படத்தையே.

உரிமை பற்றிய வினா மற்றொரு திசையிலும் விரிந்தது. மூலமான நிழற்படம் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காக மேனி கார்சியா 2006-இல் எடுத்தது. வழக்கில், தாம் பயன்படுத்திய படம் எது என்பதில் ஃபேரி பொய்யுரைத்தார். ஆவணங்களை அழித்தார், புனைந்தார். உரிமை வழக்கு 2011-இல் சமரசத்தில் முடிந்தது. சான்றுகளைச் சிதைத்த குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2012-இல் ஈராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 25,000 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. தம் தாளில் பென்சிலால் பெயரெழுதிய கலைஞர், பிறர் உழைப்பின் தடத்தை மறைக்க முயன்றார் என்பது இப்பதிப்பின் கையொப்பத்தை இனி ஐயமின்றிப் படிக்கவிடாது.

தமிழ்ச் சுவரொட்டியின் பெயர்வரி வேறு வகையினது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127அ-வின்படி, தேர்தல் சுவரொட்டியின் முகப்பில் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இடம்பெறவேண்டும். இங்குப் பெயர் விலையை உயர்த்துவதற்கன்று, பொறுப்பேற்பதற்கு. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் தேர்தல் காலத்தில் ஒட்டப்படும் தாளையும் இவ்விதி கட்டுப்படுத்தும். அந்த முகத்தை வெட்டி, நிறம் பிரித்து, எழுத்தமைத்தவரின் பெயரை மட்டும் சட்டமும் கேட்பதில்லை, நம் ஆய்வேடுகளும் கேட்பதில்லை.