சின்னத்துக்கு மூன்று கேள்விகள்

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி இணைய வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அதுவரை தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. ஜிபி கணக்கில் கோப்பை இறக்க முடியாத இடத்தில், லினக்ஸ் போன்ற, யாரும் நகலெடுத்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற இயங்குதளம் குறுவட்டிலும் பென் டிரைவிலும் கைமாறித்தான் பரவும். கொடுப்பவரைத் தெரியும், உருவாக்கியவரைத் தெரியாது. உருவாக்கியவர் யார் என்று சொல்வது திரையில் எழும் சின்னம்தான். ஆகவே கட்டற்ற இயங்குதளங்களின் சின்னங்களை அழகை வைத்து மட்டும் எடைபோட முடியாது. சிறிய அளவில், ஒரே மையில் அச்சிட்டாலும் தெளிவாகத் தெரிகிறதா? பயனர் அதை எடுத்தாள உரிமை உண்டா? அசலையும் மாற்றிய பதிப்பையும் பிரித்துக் காட்டுகிறதா? இம்மூன்றையும் கேட்க வேண்டும்.

லினக்ஸின் பென்குயினான டக்ஸை 1996-இல் லாரி யூயிங் கிம்ப் மென்பொருளில் வரைந்தார். தன் பெயரையும் கிம்பையும் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்றார். தாராளமான டக்ஸ் 2009-இல் தன் இடத்தையும் விட்டுக்கொடுத்தது. நோயால் அழிந்துவரும் டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்குக்காக, பென்குயின் அலகு மாட்டிய ‘டஸ்’ என்ற உருவம் லினக்ஸ் கருவின் 2.6.29 பதிப்பில் டக்ஸின் இடத்தில் அமர்ந்தது. உரிமையில் டக்ஸை வெல்ல ஆளில்லை. ஆனால் நிழலும் பளபளப்பும் நிறைந்த ஓவியம் சிறிய அளவில் மங்கிவிடும். எல்லா லினக்ஸுக்கும் பொதுவானது என்பதால், கையிலிருப்பது யாருடைய பதிப்பு என்றும் அது சொல்லாது.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் வேறு வழியில் போனது. பல ஆண்டுகள் அதன் முகமாக இருந்த குட்டிப் பேய் ‘பீஸ்டி’ ஓவியமாக இனிமையானது, முத்திரையாகச் சிக்கலானது. 2005-இல் போட்டி நடத்தி, கொம்பு முளைத்த சிவப்புக் கோளத்தைத் தேர்ந்தார்கள். பீஸ்டியின் குறும்பு அதில் இல்லை. ஆனாலும் விரல் நக அளவிலும் அடையாளம் தெரிகிறது. முதல் கேள்விக்கு அது சரியான விடை.

உபுண்டுவின் சின்னம், வட்டமாகக் கைகோத்து நிற்கும் மூவரை மேலிருந்து பார்த்த காட்சி. கருத்தும் வடிவும் இவ்வளவு இசைந்த சின்னம் இத்துறையில் அரிது. 2011 வரை இலவசக் குறுவட்டுகளை அஞ்சலில் அனுப்பி அந்த வட்டத்தைப் பல நாடுகளுக்கும் கொண்டுசேர்த்தார்கள். ஆனால் மாற்றிய பதிப்பை அந்தப் பெயரில் வெளியிட உபுண்டுவை வெளியிடும் கெனோனிக்கல் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அசலைக் காக்க அது தேவைதான். என்றாலும் சமூகத்தின் கை அங்கே கட்டுப்படுகிறது.

இந்த முரணுக்குத் தீர்வு கண்டது டெபியன். 1999-இல் ரவுல் சில்வா வடிவமைத்த சுருளை யாரும் பயன்படுத்தலாம். குப்பியிலிருந்து சுருள் எழும் இன்னொரு வடிவம் திட்டத்தின் அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்கு மட்டும். ஒன்று மக்களுக்கு, மற்றொன்று பொறுப்புக்கு. ஒரே நிறத்தில் நிற்கும் சுருள் அளவுச் சோதனையிலும் தேறுகிறது.

நம் நாட்டின் பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சிடாக், சென்னையில் டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கியது. தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அது இடம்பெற்றது. ஒரு தலைமுறை மாணவர் மனத்தில் பதிய இதைவிட நல்ல வாய்ப்பு எந்தக் கட்டற்ற இயங்குதளத்துக்கும் இங்கே கிடைத்ததில்லை. ஆனால் மடிக்கணினியை எடுத்ததும் கண்ணில் பட்டது முதல்வரின் படம். பாஸ், தொடக்கத் தேர்வுப் பட்டியலில் ஒரு வரி. மாணவர் சட்டையில் குத்திக்கொள்ளவும் நோட்டில் வரையவும் விரும்பும் உருவமாக அது வளரவில்லை.

மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால் முதலிடம் டெபியனுக்கே. அன்பில் டக்ஸ், வடிவில் உபுண்டு முன்னிற்கின்றன; மூன்று கேள்விக்கும் நிறைவான விடை சுருளிடம்தான் உள்ளது.

ஆனால் எந்தச் சின்னமும் உத்தரவாதம் ஆகாது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், பின்கதவு வைத்த பதிப்புக்கு இணைப்பைத் திருப்பினார்கள். மின்ட் என்று நம்பியே பலர் அதை இறக்கினார்கள். எனவே தீவிலிருந்தாலும் நகரத்திலிருந்தாலும், பென் டிரைவில் வந்ததை நிறுவும் முன் அந்தக் கோப்பிலிருந்து கணக்கிட்ட எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை, உருவாக்கியவர்கள் மின்கையொப்பமிட்டு வெளியிட்ட எண்ணுடன் ஒப்பிடுங்கள். அது 64 எழுத்துகள்தான். எவ்வளவு மெதுவான இணைப்பிலும் வந்துவிடும்.