அறையும் வாயிலும்

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ப் 1928ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜின் நியூனம், கர்ட்டன் என்னும் இரு மகளிர் கல்லூரிகளில் ஆற்றிய சொற்பொழிவுகள் விரிந்து, 1929இல் 'தனக்கென ஓர் அறை' என்னும் நூலாயின. எழுத விழையும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுன் வருவாயும் பூட்டுள்ள அறையும் வேண்டும் என்பது நூலின் முடிபு.

ஆயினும், நூலின் உயிர்நிலை நூலக வாயிலில் நிகழும் காட்சியே ஆகும். கல்லூரி ஆசான் ஒருவர் உடன் வரவேண்டும். இல்லையேல் அறிமுகக் கடிதம் வேண்டும் எனக் கூறி, கதை சொல்லும் பெண்ணைக் காவலர் தடுத்து நிறுத்துகிறார். தனியறை எத்துணை நன்றாயினும் அவ்வாயிலைத் திறக்குமா? சிக்கலை வாயிலில் கண்ட ஆசிரியர், தீர்வை அறையில் தேடுகிறார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கியதோ 1948இல்தான்.

பல்கலைக்கழக மகளிர் மையத்தின் பணியையும் இவ்வாறே நோக்குதல் தகும். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1960இல் தோன்றிய மையம், இல்லறக் கடமைகளால் படிப்பை இடையில் விட்ட பெண்கள் மீண்டும் கற்க வழிகாட்டிற்று. மூடிய வாயிலைத் திறக்கும் பணி அது.

ஒதுக்கிய அறையே போதும் என நிறைவுறும் மையம் புதியதோர் அந்தப்புரமாகவே முடியும். நூலகமும் ஆய்வுக்கூடமும் ஆட்சிமன்றமும் பெண்களுக்கு எவ்வளவு திறந்துள்ளன என்பதே அதனை அளக்கும் கோல்.