உறவிற் பட்ட வடுவும் உளச்சிகிச்சையும்: ஒரு விமர்சன நோக்கு

இலங்கையிற் பல்லாண்டு நீடித்த போர் விளைத்த உளப்பாதிப்புகள் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் கணிசமான எழுத்துகள் தோன்றியுள்ளன. குண்டுவீச்சு, இடப்பெயர்வு, உயிரிழப்பு, காணாமலாக்கப்படுதல் ஆகியன உள்ளத்தைத் தாக்கும் வகை அவற்றில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஆயின், அறிந்தவரும் நம்பப்பட்டவரும் இழைத்த காயம் எவ்வாறு ஆறும் என்னும் வினா பெரும்பாலும் அவற்றின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றது. கணவன் மனைவிக்கும், பெற்றோர் பிள்ளைக்கும், அயலவர் அயலவருக்கும் இழைக்கும் கொடுமைகள் விட்டுச்செல்லும் பாதிப்பினை உறவுசார் மனவடு எனலாம். இதற்கென வகுக்கப்பட்ட உளச்சிகிச்சை முறைகள், திருகோணமலைத் துறைமுகப் பகுதியைச் சார்ந்த லிங்கநகர் போன்றதொரு குடியிருப்பில் எத்துணை பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொல்லை நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் 'ட்ரோமா' எனப்படுவதற்கு ஈழத்து உளமருத்துவ எழுத்துகளில் 'மனவடு' என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. அவ்வாங்கிலச் சொல்லின் கிரேக்க மூலம் காயத்தைக் குறிக்கும். வடு என்பதோ காயம் ஆறியபின் எஞ்சும் தழும்பு. ஆதலின் இம்மொழிபெயர்ப்புப் பொருந்தாது என ஒருவர் வாதிடலாம். ஆனால், திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரத்தைப் பயின்றோர் அவ்வாறு விரைந்து முடிவு கட்டமாட்டார்கள். நெருப்பினால் நேர்ந்ததைப் புண் என்றும், பிறர் நாவினால் நேர்ந்ததை வடு என்றும் வள்ளுவர் அங்கு பிரித்துரைக்கின்றார். முன்னையது ஆறும், பின்னையது ஆறாது என்பது அவர் கருத்து. பொருளாற் பட்டதற்கும் மனிதராற் பட்டதற்கும் உள்ள வேறுபாடே சொல் வேறுபாடாக அமைந்துள்ளது. இதனைக் கருதுமிடத்து, மனவடு என்னும் சொல் ஏனைய பாதிப்புகளைக் காட்டிலும் உறவிற் பட்ட பாதிப்புக்கே மிகவும் ஏற்றது எனலாம். ஆறாது என்ற தீர்ப்பை மாத்திரம் உளமருத்துவம் ஏற்கவில்லை.

எனினும், அவ்வுளமருத்துவம் உறவிற் பட்ட காயத்தை எளிதில் ஒப்புக்கொண்டுவிடவில்லை. 1896 ஆம் ஆண்டு வியன்னாவில் நிகழ்த்திய உரையொன்றில், இசிவு நோயின் மூலம் குழந்தைப் பருவத்துப் பாலியல் வன்முறையே எனச் சிக்மண்ட் புரொய்ட் வாதிட்டார். அடுத்த ஆண்டே அக்கொள்கையிலிருந்து அவர் விலகத் தொடங்கினார். நோயாளர் கூறியவற்றிற் பெரும்பகுதி அவர்தம் உள்மனக் கற்பனை என்னும் நிலைப்பாடு வலுப்பெற்றது. கைவிடப்பட்ட அவ்வுண்மையை அவருடைய மாணாக்கரான சாண்டோர் பெரென்சி 1932 இல் வீஸ்பாடன் மாநாட்டில் மீண்டும் எடுத்துரைத்தார். கொடுமையை அனுபவித்த பிள்ளை அதை வெளியிடும்பொழுது, சுற்றியுள்ள பெரியோர் அதனை மறுப்பதே பாதிப்பை ஆழமாக்குகின்றது என்பது பெரென்சியின் சிந்தனையில் முக்கியமான கூறாகும். செயல் முதற் காயம். மறுப்பு இரண்டாவது காயம். உறவுசார் மனவடுவுக்கான எந்தச் சிகிச்சையையும் மதிப்பிடுவதற்கு இவ்விரண்டாவது காயமே தக்க உரைகல்லாகும்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980 இல் வெளியிட்ட மூன்றாவது நோய் வகைப்பாட்டு நூலில், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் முதன்முறையாக இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து மீண்ட படையினரின் துயரம் அதற்கு உந்துதலளித்தது. வழமையான மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்ட நிகழ்ச்சியினாலேயே இந்நோய் உண்டாகும் என அந்நூல் வரையறுத்தது. யூடித் ஹேர்மன் 1992 இல் வெளியிட்ட நூலில் இவ்வரையறையைக் கண்டித்தார். பெண்களின் வாழ்வில் வன்முறை வழமையாகவே இருக்கும்பொழுது, அதனை வழமைக்கு அப்பாற்பட்டதெனக் கூறுவது எங்ஙனம் பொருந்தும் என்பதே அவர் எழுப்பிய தடையின் சாரம். தப்பிச்செல்ல இயலாத உறவில் நீண்டகாலம் அடக்கப்பட்டோரிடம் தோன்றும் சிக்கலான நிலைக்கு அவர் தனிப்பெயர் வேண்டினார். முப்பதாண்டுகள் கழிந்து, 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது வகைப்பாட்டில் அந்நிலை தனி நோயாக ஏற்கப்பட்டது. உணர்ச்சியை ஆளமுடியாமை, தன்னையே இழிவாகக் கருதுதல், பிறரோடு நெருங்கியிருக்க இயலாமை ஆகிய மூன்றும் அதன் சிறப்புக் குறிகளாகும்.

சிகிச்சை முறைகளை இருபெரும் போக்குகளாக வகுக்கலாம். முதலாவது நினைவை மையமாகக் கொண்டது. வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து ஒழுங்காக எடுத்துரைக்கச் செய்து, சிதறிய அச்ச நினைவுகளைக் காலத்திலும் இடத்திலும் பொருத்தும் எடுத்துரைப்புச் சிகிச்சை இவ்வகையினது. பிரான்சின் ஷப்பிரோ வகுத்த கண்ணசைவு வழிச் சிகிச்சையும் இதனோடு சேரும். இரண்டாவது உறவை மையமாகக் கொண்டது. பிள்ளைக்கும் பேணுவோருக்கும் இடையிலான பிணைப்பை ஆராய்ந்த ஜோன் போல்பியின் கொள்கை இதற்கு அடித்தளமிட்டது. பாதுகாப்பை நிலைநாட்டல், நினைவுகூர்ந்து துக்கித்தல், வாழ்வோடு மீளிணைதல் என்னும் மூன்று கட்டங்களை ஹேர்மன் இதற்கு வகுத்தார். பாதுகாப்புக் கட்டத்துக்கெனக் காலம் ஒதுக்குவது நினைவுச் சிகிச்சையை வீணே தாமதப்படுத்தும் என முதலாவது போக்கினர் மறுத்துரைப்பர். இவ்விவாதம் இன்னும் முடிவுறவில்லை.

இலங்கையின் வடக்குக் கிழக்கில் நிகழ்ந்த ஆய்வுகள் இவ்விவாதத்துக்கு ஒளியூட்டுவன. கிளோடியா கற்றானி முதலானோர் 2008 இல் வெளியிட்ட ஆய்வு 296 தமிழ் மாணவரைப் பற்றியது. அவர்களுள் 82.4 வீதமானோர் போர் சார்ந்த நிகழ்ச்சி ஒன்றையேனும் அனுபவித்திருந்தனர், 95.6 வீதமானோர் குடும்ப வன்முறை சார்ந்த அனுபவம் ஒன்றையேனும் கூறினர். தந்தையின் மதுப்பழக்கம் பிள்ளைகள் துன்புறுத்தப்படுவதோடு தொடர்புற்றிருந்தமையும் புலப்பட்டது. போரின் நெருப்புக்கு அஞ்சி உள்ளே ஓடிய பிள்ளை வீட்டினுள்ளும் அடிபட்டது என்பதே இதன் பொருள். அதே குழுவினர் 2009 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், முகாமொன்றில் வாழ்ந்த 31 சிறுவர்க்கு உள்ளூர்ச் சீர்மியர் ஆறு அமர்வுகளில் சிகிச்சையளித்தனர். ஆறு மாதங்களின் பின்னர், எடுத்துரைப்புச் சிகிச்சை பெற்றோருள் 81 வீதமானோரும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றோருள் 71 வீதமானோரும் நலமடைந்திருந்தனர். முறைகள் வேறுபடினும் பயனிற் பெருவேறுபாடு காணப்படவில்லை. இரண்டிலும் பொதுவாக இருந்தவற்றுள் ஒன்று, தம் மொழியில் தம்மைச் செவிமடுக்க ஒருவர் இருந்தமையாகும்.

ஆயினும், 2012 இல் வீற்ஸ தொல் முதலானோர் வெளியிட்ட ஆய்வு எச்சரிக்கை தருகின்றது. வட இலங்கையில் 399 மாணவர் பங்குபற்றிய அப்பாடசாலைத் திட்டம், அன்றாடப் போர்நெருக்கீடு குறைந்த பிள்ளைகளுக்கே கூடிய பயனளித்தது. பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, திட்டத்திற் சேர்ந்தோரைவிடச் சேராது காத்திருந்தோரிடம் மனவடு நோய்க்குறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. நெருக்கீடு தொடரும் இடத்தில் சிகிச்சையின் வலு சுருங்குகின்றது. நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதும் சிலருக்குப் பாதகமாகலாம். பாதுகாப்பு முதற்கட்டம் என்ற ஹேர்மனின் கருத்துக்கு இது வலுச்சேர்க்கின்றது.

இவற்றை லிங்கநகரில் வைத்து நோக்குவதற்கு ஒரு நிலையைக் கற்பனை செய்யலாம். கணவனின் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் அங்கு வாழ்கின்றாள் எனக் கொள்வோம். அவள் குடியிருக்கும் காணி கணவனின் உறவினருடையது. சீர்மியம் வழங்குபவர் அவளுடைய சித்தியோடு ஒன்றாகப் படித்தவராக இருக்கக்கூடும். கிராம உத்தியோகத்தர் கணவனின் நண்பராக இருக்கக்கூடும். மேனாட்டுச் சிகிச்சை அறையின் அடிப்படை எடுகோள், கேட்பவர் அந்நியர் என்பதாகும். அங்கு கூறப்படுவது சுவரைத் தாண்டாது. சிறிய குடியிருப்பிலோ அந்நியர் அரியர், சுவர்களும் மெல்லியன. அவளை நோக்கிக் கதையைக் கூறு என்னும் சிகிச்சை, அக்கதை வெளியேறினால் அவள் எங்கே உறங்குவாள் என்னும் வினாவுக்கும் விடை கூறல் வேண்டும். 2019 ஆம் ஆண்டுத் தேசிய அளவீட்டின்படி, இலங்கையிற் துணைவரோடு வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் துணைவரின் உடல்சார் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியுள்ளார். ஆகவே இக்கற்பனை நிலை அபூர்வமானதன்று.

வீட்டுக்கு வெளியேயும் மறுப்பு காத்திருக்கின்றது. 2006 சனவரி 2 ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் நிறுத்தப்பட்ட பாதுகாப்புப் படையினர் பதின்மூவரும், போதிய சாட்சியம் இல்லையெனக் கூறப்பட்டு, 2019 யூலையில் விடுவிக்கப்பட்டனர். ஊரறிந்த சாவுக்கு எவரும் பொறுப்பாளியாகாத நகரத்தில், வீட்டினுள் நிகழ்ந்ததைக் கூற எழும் பெண் எந்த நம்பிக்கையுடன் வாய்திறப்பாள்? பொதுவாழ்வின் மறுப்பு தனிவாழ்வின் மறுப்புக்குப் பயிற்சிக்களமாகின்றது.

இத்தகைய தடைகளைக் கண்டோர் சிலர் மரபின்பால் திரும்புகின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், 1998 இலும் 2014 இலும் வெளியிட்ட ஆங்கில நூல்களில், பாதிப்பின் அலகு தனிமனிதர் மாத்திரமன்று, குடும்பமும் சமூகமுமே என நிறுவினார். நம்பிக்கையிழப்பும் மௌனமும் சமூகத்தையே பீடித்த நோய்க்குறிகள் என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பாகும். மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் 1990களில் ஆய்வு நடத்திய மானிடவியலாளர் பட்றீசியா லோறன்ஸ், தெய்வமாடிப் பெண்கள் வாக்குச் சொல்லும் சடங்கில், வெளியே பேசமுடியாத இழப்புகள் பேசப்பட்டமையை எடுத்துக்காட்டினார். தனிமனித நோக்கில் மூழ்கிய மேனாட்டு முறைக்கு இவை அவசியமான திருத்தங்களாகும்.

ஆனால் இத்திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. குடும்பமே காயம் இழைத்த இடமாகும்பொழுது, குடும்பத்தைச் சிகிச்சையின் அலகாகக் கொள்வது யாருடைய நலனைக் காக்கும்? காணாமற் போன மகனுக்காகத் தெய்வத்தின்முன் அழும் தாய்க்கு ஊர் கூடி நிற்கும். மருமகனால் வதையுறும் மகளுக்கு அதே ஊர் பொறுத்துப்போ என்று சொல்லும். முன்னைய துயரத்தில் கொடுமை செய்தவர் வெளியார். பின்னையதில் அவர் உள்ளவர். சமூகம் என்னும் சொல் இவ்விரண்டையும் ஒன்றாக மூடிவிடலாகாது. இணங்கிப்போதலை ஆறுதலாகக் கொள்ளும் சீர்மியம், மரபின் பெயரால் வரினும் நவீனத்தின் பெயரால் வரினும், இரண்டாவது காயத்தையே நீட்டிக்கின்றது.

இவ்வாறு நோக்குமிடத்து, உறவிற் பட்ட வடு உறவினாலேயே ஆறவேண்டும் என்னும் கொள்கை சரியானதே எனினும் முழுமையானதன்று. எத்தகைய உறவு என்பதே வினா. 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஓவியம், கதை, நாடகம் ஆகியவற்றின் வழியே ஒன்றாகப் பழகினர். கூற விரும்பாத பிள்ளை களிமண்ணைப் பிசைந்துகொண்டிருக்கலாம். கூற விரும்பியது நம்பப்படும். மறுக்கவும் உரிமையுள்ள, கூறினால் நம்பப்படுகின்ற இத்தகைய உறவே குணப்படுத்தும் உறவாகும்.

லிங்கநகர்ப் பெண்ணுக்கு இதன் பொருள் தெளிவானது. தன் அயலுக்கு அப்பாலிருந்து ஒரு சீர்மியரைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அவளுக்கு வேண்டும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வழங்கும் பாதுகாப்புக் கட்டளையைப் பெறத் துணை வேண்டும். தன்னைப் போன்ற பெண்களோடு கூடியிருக்க ஓரிடம் வேண்டும். நினைவைத் தீண்டும் சிகிச்சை அதன்பின், அவள் வேண்டுமென்று கேட்கும்பொழுது வரலாம். சீர்மியரைப் பயிற்றும் பல்கலைக்கழகங்கள் நுட்பங்களோடு இவ்வொழுங்கையும் கற்பித்தல் வேண்டும். அவள் சொன்னதை எத்தனை பேர் நம்பினர், சொன்னபின் அவள் அன்றிரவு எங்கே உறங்கினாள் என்னும் இரு வினாக்களுக்கும் விடை கூறவல்ல சிகிச்சையே அங்கு சிகிச்சை எனும் பெயருக்கு உரியதாகும்.